மாடிப்படிச் சுவர்

அப்பாவுக்கு வெடிப்பை மூடுவது வேலை. மகளுக்கு வெடிப்பைத் தேடுவது வேலை. இரண்டு தொழிலும் ஒரே கூரைக்குக் கீழே நடந்ததால் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

அப்பா பூச்சுவேலைக்காரர். செங்கல் சுவரில் கலவையை அப்பி, மட்டப்பலகையால் தேய்த்து, கடைசியில் கரண்டியால் இழுத்து வழவழப்பாக்கிவிட்டு இறங்குவார். இறங்கியதும் உள்ளங்கையைச் சுவரில் வைத்து ஒரு தடவு தடவுவார். கை எங்கேயும் தட்டவில்லை என்றால்தான் டீ குடிக்கப் போவார். தடவுவதும் இடதுகை, கரண்டி பிடிப்பதும் இடதுகை. வேலையிடத்தில் அவருக்கு 'இடதுகை மேஸ்திரி' என்றே பெயர்.

மகள் இயற்பியல் படித்தவள். எதைக் கேட்டாலும் பதில் தெரியும், வாய்தான் திறக்காது. வேலைக்கான நேர்காணலுக்குப் போய்த் தலையாட்டிவிட்டு வந்த பிறகு, கடைத்தெரு ஸ்டுடியோக்காரர் கொடுத்த வேலையை வீட்டிலிருந்தே செய்தாள். அவர் எடுத்த ஆட்களின் படங்கள் அவள் கம்ப்யூட்டருக்கு வரும். முகத்தின் எண்ணெய்ப் பளபளப்பைக் குறைப்பாள். நிறத்தைப் பழுப்புப் பக்கமோ நீலப் பக்கமோ லேசாகச் சாய்ப்பாள். அதற்குமேல் ஒரு சுவரின் படத்தை மெல்லிய துணிபோல விரித்து, பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் ஆக்குவாள். அதற்கு டெக்ஸ்சர் என்று பெயர். கண், மூக்கு, வாய் மேலிருந்து சுவரைத் துடைத்துவிடுவாள். தோளிலும் பின்னணியிலும் விட்டுவைப்பாள். நேற்று எடுத்த படம் நாற்பது வருடம் பெட்டிக்குள் இருந்து வந்ததுபோல் நிற்கும். ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது.

அந்தச் சுவர்களை அவள் கடன் வாங்குவதில்லை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் இடங்களில் அவளே எடுப்பாள். மழை ஊறிய சுவர், உப்புப் பூத்த சுவர், சுண்ணாம்பு உரிந்து தோல்தோலாகத் தொங்கும் சுவர். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரம் பார்த்து, கேமராவைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நிற்பாள். சித்தாள் பெண்கள் சிரிப்பார்கள். அப்பாவுக்குத்தான் மானம் போகும்.

"சுவரை வெச்சுச் சித்திரம் எழுதுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்பார் மாமாவிடம். "என் மக மூஞ்சியை வெச்சுச் சுவர் எழுதுறா. அதுவும் எந்தச் சுவரு? நாம இடிச்சுத் தள்ளுற சுவரு."

"நல்லதுதானே அத்தான். நீங்க பூசுன சுவத்தை அவ இதுவரைக்கும் எடுக்கலைன்னா, உங்க வேலை சுத்தம்னு அர்த்தம்" என்பார் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. அப்பாவின் கூட்டாளி. அவர் வலதுகைக்காரர். நீளச் சுவர் என்றால் அப்பா இடது கோடியில் ஆரம்பிப்பார், மாமா வலது கோடியில் ஆரம்பிப்பார். ஒருவர் கை மற்றவருக்கு இடிக்காது. நடுவில் வந்து சேரும்போது கலவை இரண்டு பக்கமும் ஒரே ஈரத்தில் இருக்கும், ஒட்டிய இடம் தெரியாது. வேறு யாரைச் சேர்த்தாலும் நடுவில் ஒரு தழும்பு விழும். பெரிய கூடங்களுக்கு அவர்களைத் தேடி வந்தது இதற்காகத்தான். அம்மா கிண்டலாகச் சொல்வாள், இரண்டு பேரையும் சேர்த்தால்தான் ஒரு முழு ஆள் தேறும் என்று.

மருந்துக்கடைக்காரர் கட்டிய மாடி வீட்டையும் அப்படித்தான் பூசி முடித்தார்கள். குடிபோன பிறகு அவர் குடும்பத்தோடு ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். நடுவில் அவர், பக்கத்தில் மனைவி, பின்னால் இரண்டு மகன்கள். கூடத்தில் மாட்டப் பெரிதாக வேண்டும் என்றார். படம் அவளிடம் வந்தது. நன்றாகவே வந்திருந்தது. பின்னணிதான் மொட்டையாக இருந்தது. தன் சுவர்களைப் புரட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மயிரிழைக் கோடுகள் ஓடிய சாம்பல் சுவர். எந்த இடத்தில் எடுத்தது என்று அவளுக்கு அப்போது நினைவில்லை. சாம்பல் நிறத்தில் நூறு சுவர்கள் வைத்திருப்பவளுக்கு எப்படி நினைவிருக்கும்? கோடுகளைத் தூக்கிக் காட்டினாள். பழுப்பு நிறம் ஏற்றினாள். மருந்துக்கடைக்காரர் அதற்குள் மூன்று தலைமுறைப் பெரிய மனிதர்போல் நின்றார். ஸ்டுடியோக்காரர் போன் செய்து பாராட்டினார்.

படத்தைத் தினமும் துடைப்பது மருந்துக்கடைக்காரரின் மனைவி. படத்தில் அவள் தோளுக்குமேல் பின்னணியில் ஒரு வெடிப்பு இருந்தது. மூன்று விரல், கீழே ஒரு குதிகால். அச்சாகக் கோழிக்கால். துடைத்துத் துடைத்து அது அவளுக்குப் பழகிவிட்டது. ஒரு சாயங்காலம் மாடிப்படி ஏறும்போது ஜன்னல் வெயில் சுவரில் சாய்ந்து விழுந்திருந்தது. அந்த வெயிலில் அதே கோழிக்கால் சுவரில் நின்றது. அதைச் சுற்றி வலை பின்னியதுபோல் இன்னும் பல கோடுகள்.

மறுநாள் காலை எல்லோரையும் வரச்சொல்லி ஆள் வந்தது. படம் பண்ணிய பெண்ணும் வரவேண்டுமாம்.

அவள் கீழ்ப்படியில் நின்றாள். அப்பாவும் மாமாவும் நடுப்படியில். மருந்துக்கடைக்காரர் கூடத்துப் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து சுவரோடு சேர்த்துப் பிடித்தார். சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் மாத்திரை எடுப்பவர் அவர். படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"உங்க பொண்ணு படத்துல காட்டலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார். அதைப் பாராட்டாகச் சொல்கிறாரா குற்றமாகச் சொல்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் புதுக் கூடம் எழும்பிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடக் குழுவில் அவர் ஒருவர். பூச்சுவேலையை இவர்களுக்கே கொடுக்கச் சொல்லி வாக்குக் கொடுத்திருந்தார். ஊர்ப் பிள்ளைகள் உட்காரப்போகும் கூடம். இப்படி வெடிக்கிற கை அதில் படக்கூடாது.

"ரெண்டு பேர்ல இந்த இடம் பூசுனது யாரு?"

அது சுவரின் நடுப்பகுதி. இருவரும் வந்து சேர்ந்த இடம். அப்பா சுவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இது என் மச்சான் பக்கம்" என்றார்.

மாமா அப்பாவைப் பார்த்தார். அவ்வளவுதான். பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கரண்டியை உள்ளே தள்ளி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அவளைக் கடக்கும்போது வழக்கம்போலத் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து வீட்டில் சாப்பாட்டு நேரம் ஊமையாகிவிட்டது. அம்மா தட்டை வைப்பாள், சோறு போடுவாள், நகர்ந்துவிடுவாள். குறை சொல்ல மீன் முள் அகப்பட்டால்கூட அப்பா சொல்லவில்லை. மாமா வீட்டுப்பக்கம் வருவதில்லை. பாலத்துக்கு அந்தப்பக்கம் வேறு கூட்டத்தோடு வேலைக்குப் போகப் பேசிவிட்டார் என்று சித்தாள் அக்கா ஒருத்தி வந்து சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சாரம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்றும் சொன்னாள். அந்தக் கூடத்து வேலை அப்பாவிடமே இருந்ததால் அதற்காக வேறு இரண்டு பேரைப் பழக்கிப் பார்த்தார். ஒருவன் கலவையை ரொட்டியில் வெண்ணெய் தடவுவதுபோல் தடவினான் என்று திட்டி அனுப்பினார். இன்னொருவன் நன்றாகத்தான் செய்தான். நடுவில் தழும்பு விழுந்தது.

ஒரு மத்தியானம் அம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சும்மா உட்காருகிறவள் இல்லை அம்மா.

"ஒண்ணு அவரு பொய் சொல்லியிருக்கணும், இல்லைன்னா அவன் தப்பை வெச்சுக்கிட்டு வாயை மூடியிருக்கணும். ஒருத்தர் என் புருஷன், இன்னொருத்தன் என் தம்பி. நான் எந்தப் பக்கம் சாயுறது? உன் பெட்டிக்குள்ள ஆயிரம் சுவத்தை வெச்சிருக்கியே, அதுல ஒண்ணாவது வாயைத் திறந்து சொல்லாதா?"

அம்மா அதை அலுப்பில்தான் சொன்னாள். ஆனால் அது மகள் மனதில் ஒட்டிக்கொண்டது.

மாடிப்படிச் சுவரின் படத்தைத் திறந்தாள். நிறத்தை எடுத்துவிட்டாள். கருப்பையும் வெளுப்பையும் பிரித்துப் பிரித்து இழுத்தாள். முதலில் வலை போன்ற வெடிப்புகள் எழுந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு இன்னும் இழுத்தாள். அப்போதுதான் அடியிலிருந்து வேறொன்று மேலே வந்தது. கண்ணுக்குத் தெரியாத, கைக்கும் தட்டாத வளைவுகள். கரண்டி போன பாதை. ஒன்றன்மேல் ஒன்றாக, மீன் செதில்போல்.

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. தோள் ஓர் ஆணி, கை ஒரு கயிறு. கயிற்றில் கட்டிய கரண்டி வட்டத்தின் ஒரு துண்டைத்தான் வரையமுடியும். வலதுகைக்காரன் வீச்சு வலப்பக்கம் முதுகைக் காட்டி வளையும். இடதுகைக்காரன் வீச்சு இடப்பக்கம் முதுகைக் காட்டி வளையும். இரண்டும் அடைப்புக்குறிகள் போல, ஒன்று திறப்பது, ஒன்று மூடுவது.

யூகத்தை மட்டும் நம்புகிறவள் இல்லை. அப்பா தனியாகப் பூசிய தங்கள் வீட்டு முன்னறைச் சுவரை எடுத்து இழுத்துப் பார்த்தாள். எல்லா வளைவும் இடப்பக்கம். மாமா தனியாகப் பூசிய அவர் வீட்டுச் சமையலறைச் சுவர் பழைய படமொன்றில் இருந்தது. எல்லா வளைவும் வலப்பக்கம். மாடிப்படிச் சுவருக்குத் திரும்பி வந்தாள். கோழிக்காலைச் சுற்றிலும் வலப்பக்கம்.

மாமா.

அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது. அப்பா பொய் சொல்லவில்லை. அம்மாவைக் கூப்பிட்டாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து முழு வாக்கியம் ஒன்று வந்தது.

"அப்பா சொன்னதுதான் சரிம்மா. அது மாமா கை."

அம்மா எப்படி என்று கேட்கவில்லை. மகள் பேசுவதே அபூர்வம், பேசினால் அளந்து பேசுவாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். போய் என்ன சொன்னாள் என்பது பிறகு தெரிந்தது. தப்புச் செய்தவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் அது மரியாதை இல்லை, திமிர் என்று சொல்லியிருக்கிறாள். மாமா "சரிக்கா" என்றிருக்கிறார். அத்தைதான் பொறுக்கமுடியாமல், இனி உங்கள் சுவரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கதவைச் சாத்தியிருக்கிறாள். அம்மா திரும்பி வந்து, அடுப்பைப் பற்றவைக்காமல் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

இந்த நேரத்தில் ஸ்டுடியோக்காரர் போன் செய்தார். மருந்துக்கடைக்காரர் படத்துக்கு வேறு சுவர் போட்டு மறுபடி அச்சடித்துக் கொடுத்துவிடலாம், வம்பு வேண்டாம் என்றார். சரி என்று அவள் அந்தக் குடும்பப் படத்தைத் திறந்தாள். ஆட்களை மறைத்துவிட்டுச் சுவரை மட்டும் பார்த்தாள். வலது ஓரத்தில், அடியில், பென்சிலால் ஏதோ கிறுக்கியிருந்தது. எலக்ட்ரீஷியன்கள் ஸ்விட்ச் பெட்டி வரவேண்டிய இடத்தில் போடும் எண். பெரிதாக்கினாள். நான்கு. ஆனால் அந்த நான்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

கண்ணாடியில் தெரிகிற நான்கு.

மௌஸைப் பிடித்திருந்த விரல்கள் நின்றுவிட்டன. அவள் வேலைசெய்யும் முறை அது. ஆளின் முகத்தில் வெளிச்சம் வலப்பக்கமிருந்து விழுந்தால் சுவரின் வெளிச்சமும் வலப்பக்கமிருந்து விழவேண்டும், இல்லையென்றால் பொய் தெரிந்துவிடும். மாடிப்படி ஜன்னல் இடப்பக்கம் இருந்தது. அதனால் சுவரை இடம்வலமாகத் திருப்பி, திருப்பியதையே சேமித்து வைத்திருந்தாள். கோழிக்காலை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது கோழிக்கால்தான். வளைவு அப்படி இல்லை.

கேமரா கார்டைத் தேடி எடுத்து, தொடாத படத்தைத் திறந்தாள். நான்கு நேராக இருந்தது. நிறத்தை எடுத்தாள், இழுத்தாள். கோழிக்காலைச் சுற்றிலும் வளைவுகள் எழுந்து வந்தன. இடப்பக்கம். எல்லாம் இடப்பக்கம்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. வேலை இல்லாமல் அப்பா பின்வாசலில் உட்கார்ந்து மட்டப்பலகையில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவள் டீ போட்டாள். டம்ளரைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைக்காமல் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தாள். அப்பா டீயைத் தேடி வந்தார்.

"உக்காருங்கப்பா. மாமா மேல சொன்னது தப்பு."

"யாரு சொன்னது?"

"நீங்களும் நானும்."

அப்பா டம்ளரைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. அவள் முதலில் தங்கள் முன்னறைச் சுவரைக் காட்டினாள். பிறகு மாமா வீட்டுச் சமையலறைச் சுவர். எதுவும் விளக்கவில்லை. அப்பா முன்னால் சாய்ந்தார். பூசி முடித்த சுவருக்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று அவர் கண்டதில்லை. "அட, இது அவன் வீச்சுல்ல" என்றார் இரண்டாவதைப் பார்த்து, சிரிப்பே வந்துவிட்ட குரலில். பிறகு மூன்றாவதைக் காட்டினாள். நடுவில் கோழிக்கால்.

அப்பா டம்ளரை வைத்துவிட்டு இடதுகையை உயர்த்தினார். கரண்டி இல்லாத கை திரைக்கு முன்னால் காற்றில் ஒரு தடவை போய் வந்தது. வளைவின்மேல் வளைவாக, வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு தடவை. கை இறங்கியது.

ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார்.

"அன்னைக்கும் இப்படித்தான் இருட்டிக்கிட்டு வந்துச்சு" என்றார். "ஜன்னலுக்கு இன்னும் கண்ணாடி போடல. சாரல் அடிச்சா பூச்சு வழிஞ்சிடும்னு, காஞ்ச சிமெண்டைத் தூவி ஈரத்தைக் குடிக்க வெச்சு, சட்டுன்னு இழுத்துட்டேன். அப்படி இழுத்தா தோலு வெடிக்கும். எனக்குத் தெரியும். வெள்ளையடிச்சா மறைஞ்சிடும்னு விட்டேன்."

"அது நீங்கன்னு அங்கேயே தெரியுமாப்பா?"

அப்பா திரையிலிருந்த கோழிக்காலை ஒரு விரலால் தொட்டார்.

"பாதி தெரியும். அந்த ஆளு பள்ளிக்கூட ஹாலைப் பத்திப் பேசுனதும் தெரியாத பாதியைப் பிடிச்சுக்கிட்டேன்."

பிறகு கேட்டார், "இப்ப இதைச் சொன்னா ஹால் போயிடும் பாப்பா. தெரியுமில்ல?"

அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறந்தாள்.

"நான் சொன்னதை நான் போய் எடுத்துடுறேன். நீங்க சொன்னதை நீங்கதான் எடுக்கணும்."

சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அப்பா எழுந்து சட்டையை எடுத்து மாட்டினார்.

"எங்க வெச்சுச் சொன்னேனோ அங்க வெச்சுத்தான் எடுக்கணும்" என்றார் அம்மாவைப் பார்த்து. "உன் தம்பியை மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு வரச்சொல்லு."

"நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போவேன்? போனவாரம்தான் போய்க் கிழிகிழின்னு கிழிச்சுட்டு வந்திருக்கேன்" என்றாள் அம்மா. அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது பல நாட்களுக்குப் பிறகு அதுதான்.

மகளே போனாள். மழை விட்டிருந்தது. மாமா வாசலில் ஓட்டை வாளிக்கு அடைப்பு வைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். படத்தைத் திருப்பியது, திருப்பியதை மறந்தது, அம்மாவிடம் சொன்னது எல்லாவற்றையும் அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிமுடித்தாள். மாமா வாளியைக் கவிழ்த்துத் தட்டினார்.

"நீ வாயைத் திறக்குறதே வருஷத்துக்கு ஒரு தடவை. அதையும் திருப்பி வெச்சா திறக்குறது?"

உள்ளேயிருந்து அத்தையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சாத்திய கதவு அதோடு திறந்துகொண்டது.

மருந்துக்கடைக்காரர் வீட்டு மாடிப்படியில் பழையபடியே எல்லோரும் நின்றார்கள். இந்தத் தடவை அப்பா கேள்விக்குக் காத்திருக்கவில்லை. கோழிக்கால்மேல் கையை வைத்தார்.

"இது என் கை. மச்சான் பக்கம் இதுக்கு ஒரு முழம் தள்ளித்தான் ஆரம்பிக்குது. அன்னைக்கு மாத்திச் சொல்லிட்டேன்."

மருந்துக்கடைக்காரர் அவரை இரண்டு தடவை பார்த்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"பயம்தான். உங்க கண்ணு சுவத்து மேல இருந்துச்சு. என் கண்ணு ஹால் மேல இருந்துச்சு." அப்பா நிமிர்ந்து நின்றே சொன்னார். "வெடிக்கிற கை ஹால்ல படக்கூடாதுன்னீங்க. சரிதான். அவன் கை வெடிக்காது. அவனுக்குக் குடுங்க."

மருந்துக்கடைக்காரர் மாமாவிடம் திரும்பினார். "உங்களுக்கு இது அன்னைக்கே தெரியுமா?"

"என் கரண்டி எதுவரைக்கும் போச்சுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்ப ஏன் சொல்லல?"

மாமா காதைச் சொறிந்துகொண்டார். "சுவர் ஒண்ணு, ஆளு ரெண்டு. உன்னுது என்னுதுன்னு இங்கேயே மல்லுக்கு நின்னா ரெண்டு பேரையும் வாசலுக்கு வெளிய நிறுத்துவீங்க. ஒருத்தராவது உள்ள இருக்கட்டும்னு பாத்தேன்." பிறகு அப்பா பக்கம் திரும்பாமலேயே சேர்த்துக்கொண்டார், "அதுக்காகக் கோவம் இல்லைன்னு அர்த்தம் இல்ல. அதைத் தனியா வெச்சிருக்கேன்."

"வெச்சிரு மாப்ள" என்றார் அப்பா. "வாங்கிக்கிறேன்."

மருந்துக்கடைக்காரர் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அவள் சொன்னது இதுதான்: நடுப்பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி பூசவேண்டும். காய்ந்த பிறகு சாயங்கால வெயிலில் அவளே கையை வைத்துப் பார்ப்பாள். கை தட்டவில்லையென்றால் ஹாலைப் பற்றி வீட்டுக்காரர் பேசுவார். தட்டினால் யாரும் யாருக்கும் எதுவும் பேசவேண்டாம்.

செதுக்குவதற்கே ஒரு பகல் போனது. வீடெல்லாம் தூசி. மருந்துக்கடைக்காரரின் மனைவி பழைய துணிகளால் நாற்காலிகளை மூடிவிட்டு மூக்கைக் கட்டிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து பார்த்தாள். மறுநாள் செங்கல்லை நனைத்தார்கள். நனைத்துக் காத்திருந்தார்கள். மணலை மறுபடி சலித்தார்கள். அப்பா இடது கோடியில், மாமா வலது கோடியில். முதலில் வேலைப் பேச்சு மட்டும். கலவை கெட்டி என்றார் ஒருவர். தண்ணீர் காட்டு என்றார் மற்றவர். கொஞ்ச நேரத்தில் மாமா தனியாக வைத்திருந்த கோபத்தை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். கரண்டி ஒரு இழுப்பு, ஏச்சு ஒரு வரி. இருபது வருடக் கணக்கும் வந்தது. அப்பா ஒவ்வொன்றுக்கும் "ஆமா" என்றார். நடுவில் வந்து சேர்ந்தபோது மாமாவிடம் ஏச்சும் தீர்ந்திருந்தது, கலவையும் தீர்ந்திருந்தது. வானம் இருட்டவில்லை. இருட்டியிருந்தாலும் அப்பா அவசரப்பட்டிருக்கமாட்டார். காயக் காய அவரே தினமும் வந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்.

சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு சாயங்காலம், ஜன்னல் வெயில் சாயும் நேரம், அந்தப் பெண்மணி படியேறி வந்து உள்ளங்கையை வைத்தாள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தடவிக்கொண்டே போனாள். திரும்பி வரும்போதும் தடவினாள்.

"டீ போடட்டுமா?" என்றாள்.

கூடத்துப் படத்துக்கு வேறு சுவர் மாற்றித் தருவதாக ஸ்டுடியோக்காரர் சொன்னபோது மருந்துக்கடைக்காரரின் மனைவி வேண்டாம் என்றுவிட்டாள். மாடிப்படியில் கோழிக்கால் போய்விட்டது, படத்திலாவது இருக்கட்டும், அது இல்லாமல் தோளுக்குமேல் மொட்டையாக இருக்கும் என்றாள்.

பள்ளிக்கூட வேலை தொடங்குவதற்கு முந்தின வாரம் அப்பா மகளிடம் வந்து நின்றார். ஸ்டுடியோவில் போய்ப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறாராம். மாமாவும் வருவாராம். இத்தனை வருடமாக அவள் கேட்டுக் கேட்டு ஓய்ந்த விஷயம்.

"ஆனா ஒண்ணு. வெடிச்ச சுவத்தை என் மூஞ்சில ஒட்டாதே."

ஒட்டவில்லை. இருவரும் வேலைச் சட்டையோடு நின்றார்கள், அப்பா இடப்பக்கம், இடதுகையில் கரண்டி. மாமா வலப்பக்கம், வலதுகையில் கரண்டி. சிரிக்கச் சொன்னால் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மாமா ஏதோ முணுமுணுத்தார், அப்பா சிரிப்பை அடக்கத் தன் வாயைப் பொத்தப் பார்த்தார், அந்த நொடியில் ஸ்டுடியோக்காரர் எடுத்துவிட்டார்.

அவள் நிறத்தை லேசாகச் சாம்பலுக்குச் சாய்த்தாள். புதிதாகப் பூசிய மாடிப்படிச் சுவரை எடுத்து, இழுத்துப் பார்த்தாள். இடப்பக்கமிருந்து ஒரு கூட்டம் வளைவு, வலப்பக்கமிருந்து ஒரு கூட்டம் வளைவு. நடுவில் அவை ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டிருந்தன. எங்கே என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. அதை அவர்களுக்குப் பின்னால் விரித்தாள். முகத்தைத் துடைத்துவிட்டாள். தோள்களில் மட்டும் மங்கலாக விட்டுவைத்தாள்.

மறுநாள் ஸ்டுடியோவில் அச்சடிப்பதற்கு முன்னால் ஸ்டுடியோக்காரர் படத்தைப் பெரிய திரையில் போட்டார். அப்பா, அம்மா, மாமா, அத்தை நான்கு பேரும் பின்னால் நின்றார்கள். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"பிரமாதம். ஒண்ணே ஒண்ணு. கடைக்குள்ள வர்றவங்க கண்ணுக்கு உங்க அப்பா வலப்பக்கம் இருந்தா எடுப்பா இருக்கும். ஒரு திருப்புத் திருப்பிடலாமா? யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் கை மௌஸுக்குப் போனது. அவள் கை அதற்கு முன்னால் போய் மௌஸின்மேல் உட்கார்ந்தது.

"திருப்பாதீங்க அண்ணா" என்றாள்.

கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"அந்த இடதுகை எங்க அப்பாவுது."

ஸ்டுடியோக்காரர் அவளை வியப்போடு பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுத்தார். காகிதம் ஈரவாசனையோடு வெளியே வந்தது. அப்பா அதை வாங்கி மேஜைமேல் விரித்தார். கண்ணால் பார்த்தது போதாதென்று, இடது உள்ளங்கையை வைத்து ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெல்லத் தடவினார்.

எங்கேயும் தட்டவில்லை.

"வாங்க, டீ குடிக்கலாம்" என்றார்.